கான்ஃபிக் கோப்பு கம்பெனியுடையது: திருப்பூர் மென்பொருள் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் மங்கலத்திலும் உள்ள பனியன் கம்பெனிகளுக்கும், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் யூனிட்டுகளுக்கும் மென்பொருள் எழுதிக்கொடுத்துப் பிழைக்கிறவர்கள் நீங்கள். பெரும்பாலும் இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்த குழு. மாடியில் ஓர் அறை. நூல் ஸ்டாக், கட்டிங் கணக்கு, பீஸ் ரேட் சம்பளம், ஜாப் ஒர்க் டிசி, பில்லிங் என்று ஒவ்வொரு கம்பெனியின் வழக்கத்துக்கும் ஏற்ப வளைத்துக் கொடுப்பீர்கள். வெளியூர்ப் பெரிய ஈஆர்பி கம்பெனிக்காரருக்கு, பல சைஸும் பல கலரும் கலந்த அசார்ட்மென்ட் பேக்கிங்கைப் புரியவைக்கவே நாள் பிடிக்கும். உங்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிரல் தொடங்கும்போது கிரிப்டோ லைப்ரரி ஒன்றும் கூடவே தொடங்குகிறது. அநேகமாக அது ஓப்பன்எஸ்எஸ்எல். எந்தப் பழைய குறியீட்டு முறையை அனுமதிப்பது, எந்த டிஎல்எஸ் பதிப்புக்குக் கீழே இறங்கக் கூடாது, எந்த வன்பொருள் டோக்கனிடம் கையெழுத்துக் கேட்பது என்பதையெல்லாம் அது ஒரு கான்ஃபிக் கோப்பைப் படித்துத் தெரிந்துகொள்கிறது. உங்கள் நிரல் ஓடும் இடத்தில் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, உண்மையில் ஏறியதா, அதை யார் திருத்தலாம் என்ற மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். நம் ஊரில் பல இடங்களில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் நீங்களே ஒரு பதிலை ஏற்படுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். முதலாளிகளுக்கு எழுதியிருக்கலாம், ஆனால் அவர்களால் இதைச் சரிசெய்ய முடியாது.

பனியன் கம்பெனிக்கு எதற்குக் கிரிப்டோ என்று யாரும் இப்போது கேட்பதில்லை. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. 2018 ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கும் இ-வே பில் வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களோடு ஆரம்பித்த இ-இன்வாய்ஸ், 100 கோடி, 50 கோடி, 20 கோடி, 10 கோடி என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு வந்து நின்றது. 5 கோடி என்றால் நம் பக்கத்தில் நடுத்தர டையிங் யூனிட்டும் அதில் அடங்கிவிடும். ஏற்றுமதி பில்லுக்கும் இது உண்டு.

அந்த இ-இன்வாய்ஸ் இணைப்பை எழுதியவர்களுக்குத் தெரியும், அது சும்மா ஒரு படிவத்தை அனுப்புகிற வேலை இல்லை. நிரல் 32 பைட் சாவி ஒன்றை உருவாக்கி, என்ஐசி கொடுத்த பொதுச்சாவியால் ஆர்எஸ்ஏ முறையில் பூட்டி அனுப்ப வேண்டும். அங்கிருந்து வரும் அமர்வுச் சாவியை நம் 32 பைட் சாவியால் திறக்க வேண்டும். பிறகு பில்லின் விவரம் முழுவதையும் ஏஇஎஸ் 256 முறையில் மூடி அனுப்ப வேண்டும். திரும்பி வரும் 64 எழுத்து ஐஆர்என் (பில்லின் அடையாள எண்), எஸ்எச்ஏ 256 கணக்கில் பிறந்தது. க்யூஆர் குறியீட்டில் இருப்பது டிஜிட்டல் கையெழுத்து. இதற்கு மேல் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்துக்கு டிஎஸ்சி எனும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பையரின் இடிஐ இணைப்புக்கு ஒரு சான்றிதழ், வங்கியின் நேரடி இணைப்புக்கு இன்னொன்று. காலையில் ஷட்டர் தூக்கினால் ராத்திரி வரை அந்த லைப்ரரிக்கு வேலைதான்.

இனி வழக்கமாக நடக்கும் கதை. 2021 செப்டம்பர் 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வெளிவந்தது. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04 அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. ஹார்டு டிஸ்க் போனதாலோ, சர்வர் மாற்றியதாலோ, பழைய பதிப்பில் ஓடிய நிரலைப் புதிய இயங்குதளத்தில் வைக்கிறீர்கள். எல்லாம் ஓடுகிறது. பையருக்குச் சரக்கு முன்னறிவிப்பு (ஏஎஸ்என்) அனுப்பும் இணைப்பு மட்டும் நின்றுவிடுகிறது. போன் வருகிறது: "ஏனுங் தம்பி, ஏஎஸ்என் போகமாட்டேங்குதுங். தூத்துக்குடிக்கு வண்டி ரெடியா நிக்குது, நாளைக்குக் கட்-ஆஃப்ங்." லாகைப் பார்த்தால் 0308010சி என்ற எண்ணும், டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட் என்ற வரியும் இருக்கும்.

காரணம் எளிது. பையரோ வங்கியோ கொடுத்த பிஎஃப்எக்ஸ் கோப்பின் சான்றிதழ்ப் பகுதி, ஆர்சி2 என்ற பழைய முறையில் 40 பிட் சாவியால் மூடப்பட்டிருக்கும். பழைய விண்டோஸும் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லும் பிஎஃப்எக்ஸை அப்படித்தான் மூடின. 3.0 அந்த முறையை ‘லெகசி’ என்ற தனி புரொவைடருக்குள் தள்ளி வைத்துவிட்டது. கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும்.

இந்த 40 பிட்டின் பூர்வீகம் நம் ஊர்க்காரருக்குச் சிரிப்பை வரவழைக்கும். 1990களில் அமெரிக்க அரசு வலுவான மறையாக்கத்தை ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும் மென்பொருளில் 40 பிட் போன்ற பலவீனமான சாவிகளுக்குத்தான் எளிதில் அனுமதி கிடைத்தது. இங்கே முதல் தரம் கப்பலேறும், கழித்துப் போட்டது காதர்பேட்டைச் சந்தைக்கு வரும். அவர்கள் நல்லதை வீட்டில் வைத்துக்கொண்டு கழித்ததைக் கப்பலேற்றினார்கள். 40 பிட் என்றால் மொத்தமே சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். இன்றைய கணினி முன் அது ஒரு பூட்டே இல்லை. அந்தச் சட்டம் 2000இல் தளர்ந்த பிறகும் பழைய முறைகள் நிரல்களுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தன. 2015 மார்ச்சில் வெளியான ஃப்ரீக் தாக்குதல், அப்படி மிச்சமிருந்த 512 பிட் ஆர்எஸ்ஏ ஏற்றுமதிச் சாவிகளைத்தான் பயன்படுத்தியது. யாரும் அணைக்க நினைக்காத ஒரு பழைய அமைப்பு, பதினைந்து வருஷம் கழித்து வந்து கடித்தது.

சரி, வண்டி நிற்கிறது. என்ன செய்கிறோம்? இணையத்தில் தேடுகிறோம். சர்வர் முழுமைக்கும் பொதுவான கான்ஃபிக் கோப்பைத் திறந்து லெகசியை இயக்கச் சொல்லி யாரோ எழுதியிருக்கிறார். இன்னொருவர் செக்லெவல் என்ற பாதுகாப்பு அளவைப் பூஜ்யமாக்கச் சொல்கிறார். நோட்.ஜேஎஸ் என்றால் ஓப்பன்எஸ்எஸ்எல் லெகசி புரொவைடர் என்ற ஆப்ஷனைச் சூழல் மாறியில் போடச் சொல்கிறார்கள். 2021 அக்டோபரில் நோட் 17 வந்து, பழைய வெப்பேக்கின் எம்டி4 கணக்கு நின்றுபோன நாளிலிருந்து அந்த வரி ஊர் ஊராகச் சுற்றுகிறது. ஒட்டுகிறோம், ஓடுகிறது, வண்டி கிளம்புகிறது. அந்த வரி அங்கேயே தங்கிவிடுகிறது.

அந்த அவசரத்தை நான் குறை சொல்லவில்லை. கட்-ஆஃப் தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு யார் தலையில் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். குறை என்னவென்றால், ஒரு பையரின் ஒரு பிஎஃப்எக்ஸ் கோப்புக்காக, அதே சர்வரில் ஓடும் ஜிஎஸ்டி இணைப்பு, வங்கி இணைப்பு, பேக்கப் எல்லாவற்றின் கதவும் சேர்ந்து தளர்ந்துவிட்டது. இத்தனைக்கும் பிஎஃப்எக்ஸ் விஷயத்தில் கான்ஃபிக்கைத் தொடவே வேண்டியதில்லை. பிகேசிஎஸ்12 கட்டளையில் லெகசி ஆப்ஷனைப் போட்டு ஒரே ஒரு முறை அந்தக் கோப்பைத் திறந்து, ஏஇஎஸ் 256 முறையில் மறுபடி மூடி வைத்தால் முடிந்தது. இப்போதைய விண்டோஸில் சான்றிதழை எக்ஸ்போர்ட் செய்யும் பெட்டியிலேயே ஏஇஎஸ்256 என்ற தேர்வு இருக்கிறது. பத்து நிமிட வேலை.

கான்ஃபிக்கைத் தொட்டே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. எதிர்முனை சர்வர் பழையது, நாம் மாற்ற முடியாது என்ற நிலை. 2010இல் வந்த டிஎல்எஸ் மறுபேச்சுத் திருத்தத்தைக்கூட ஏற்காத சர்வர்களோடு பேச 3.0 மறுக்கும், அன்சேஃப் லெகசி ரீநெகோஷியேஷன் என்று பிழை வரும். 2048 பிட்டுக்குக் குறைந்த ஆர்எஸ்ஏ சாவியோடு வரும் சர்வரை செக்லெவல் 2 மறுக்கும். டெபியனும் உபுண்டுவும் 2ஐ எப்போதோ ஆரம்பித்துவிட்டன, ஓப்பன்எஸ்எஸ்எல்லே 3.2 பதிப்பில் அதைத் தன் இயல்பாக்கிக்கொண்டது. இப்படிப்பட்ட இடத்தில் எங்கே தளர்த்துவது, எவ்வளவு தளர்த்துவது என்பதுதான் கேள்வி. அதற்கு லைப்ரரி இந்தக் கோப்பை எப்போது, எப்படி ஏற்றுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் யாரும் சொல்லித்தராத பகுதி இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1.0.2 காலத்தில் கோப்பைத் தானாகப் படிக்கும் பழக்கம் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு இல்லை. நிரல் எழுதியவர் அதற்கென்று இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் கான்ஃபிக் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால், நீங்கள் கோப்பில் என்ன எழுதினாலும் அது வெறும் காகிதம். 1.1.0இல் லைப்ரரி தன்னைத்தானே தொடங்கிக்கொள்ளக் கற்றது. ஆனால் கான்ஃபிக் ஏற்றுவது அப்போதும் கேட்டால்தான். 1.1.1இல் டிஎல்எஸ் பகுதி தொடங்கும்போது தானாக ஏற ஆரம்பித்தது. கிரிப்டோ பகுதியை மட்டும் பயன்படுத்தும் நிரலுக்கு இல்லை. 3.0இல்தான் இரண்டுக்கும் இயல்பாக ஏறுகிறது. வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லித் தொடங்கவும் வழி உண்டு.

இதன் விளைவைப் பாருங்கள். பல வருஷத்துக்கு முன் யாரோ பொதுக் கோப்பில் ஒரு வரி போட்டார். அன்று ஓடிய நிரல் அதைப் படிக்கவே இல்லை, அதனால் எதுவும் ஆகவில்லை. பழைய கோப்பை அப்படியே புதிய சர்வருக்குக் காப்பி செய்தோம். புதிய லைப்ரரி அதைப் படித்து, கீழ்ப்படிந்து, இணைப்பைத் தளர்த்தியோ உடைத்தோ விடுகிறது. "கோடு ஒரு எழுத்துக்கூட மாத்தலைங்" என்று நீங்கள் சொல்வது உண்மைதான். மாறியது கோடு இல்லை.

கோப்பு இருக்கும் இடமும் ஒன்றில்லை. உபுண்டுவில் இடிசி அடைவுக்குள் எஸ்எஸ்எல் அடைவு. ரெட் ஹேட் வகையில் இடிசிக்குள் பிகேஐ, அதற்குள் டிஎல்எஸ். விண்டோஸில் யார் பில்டு செய்தார்களோ அவர்கள் வைத்ததே இடம். ஒரே கம்ப்யூட்டரில் பைத்தானுக்கு ஒரு ஓப்பன்எஸ்எஸ்எல், நோடுக்குள் ஒன்று, கிட்டோடு வந்தது ஒன்று, பிஎச்பியோடு வந்தது ஒன்று என்று நாலைந்து இருக்கலாம். வெர்ஷன் கட்டளையில் ‘டி’ ஆப்ஷனைப் போட்டால் அந்தக் கட்டளைக்குரிய அடைவைத்தான் சொல்லும். உங்கள் நிரல் பயன்படுத்தும் லைப்ரரியின் அடைவை அல்ல. டாட்நெட்டில் எழுதுகிறவர்கள் கூடுதலாக ஒன்றை நினைவில் வையுங்கள்: விண்டோஸில் அது எஸ்சேனலைப் பயன்படுத்தும், ஓப்பன்எஸ்எஸ்எல் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது; அதே நிரலை லினக்ஸுக்கு மாற்றினால் பார்க்கும். ஜாவாவுக்குத் தனியாகத் தன் செக்யூரிட்டி கோப்பு.

சூழல் மாறி வழியாக வேறு கோப்பைக் காட்டலாம், நல்ல வசதி. ஆனால் உங்கள் லாகினில் எக்ஸ்போர்ட் செய்தது உங்கள் டெர்மினலுக்கு மட்டும்தான். சிஸ்டம்டி சர்வீஸாக ஓடும் நிரலுக்கு அது தெரியாது, கிரானுக்கும் தெரியாது. விண்டோஸ் சர்வீஸுக்கு உங்கள் யூசர் மாறி எட்டாது. செட்யுஐடி நிரல்களில் லைப்ரரி வேண்டுமென்றே அதை மதிப்பதில்லை. கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, ராத்திரி கிரானில் ஓடினால் தோற்கிறது என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் விடை.

அடுத்து, ஏறாமலேயே ஏறியதுபோல நடிக்கும் வகைகள். தொடக்கப் பகுதியைக் காட்டும் வரி கோப்பின் உச்சியில், முதல் சதுர அடைப்புக்கு முன்னால் வர வேண்டும். நாம் பழக்கத்தில் கோப்பின் கடைசியில் ஒட்டுவோம். அப்போது அது கடைசிப் பகுதிக்குள் ஒரு பொருளற்ற வரியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிழை வராது, பலனும் வராது. நோடின் புதிய பதிப்புகள் இயல்பில் தங்களுக்கென்று வேறு பெயருள்ள பகுதியைத்தான் தேடும். பொதுப் பகுதியைப் படிக்கத் தனி ஆப்ஷன் வேண்டும். லெகசி புரொவைடரை மட்டும் இயக்கிவிட்டு டீஃபால்ட்டை இயக்க மறந்தால் நிலைமை இன்னும் மோசம். ஏதாவது ஒரு புரொவைடரை நீங்கள் வெளிப்படையாக இயக்கிய பிறகு, டீஃபால்ட் தானாக வருவது நின்றுவிடும். ஆர்சி2 கிடைக்கும், ஏஇஎஸ்ஸும் எஸ்எச்ஏ 256ம் காணாமல் போகும். பையர் பிரச்சினையைத் தீர்க்கப் போய் இ-இன்வாய்ஸ் நின்றுவிடும்.

இத்தனை தவறையும் லைப்ரரி ஏன் வாய்மூடிப் பொறுத்துக்கொள்கிறது? கோப்பே இல்லாத கம்ப்யூட்டரிலும் நிரல் ஓட வேண்டும் என்பதற்காக, தானாக ஏற்றும்போது பல பிழைகளை அது விழுங்கிவிடும்படி வைத்திருக்கிறார்கள். பிரௌசருக்கு அது சரி. பில் போடும் நிரலுக்குச் சரியில்லை என்பது என் கருத்து. 3.0 முதல் கோப்பின் உச்சியிலேயே கான்ஃபிக் டயக்னாஸ்டிக்ஸ் என்று எழுதி 1 கொடுத்தால், அந்த விழுங்கல் நிற்கும். தவறு இருந்தால் பிழையாக வெளியே வரும். நான் கேட்டுக்கொள்ளும் முதல் காரியம் இந்த ஒரு வரிதான். சி அல்லது சி++இல் எழுதுகிறவர்கள் இதோடு நிற்காமல் கான்ஃப் மாட்யூல்ஸ் லோடு ஃபைல் என்ற ஃபங்ஷனைத் தாங்களே கூப்பிட்டு, கோப்பின் முழுப் பாதையையும் பகுதியின் பெயரையும் கொடுத்து, திரும்பி வரும் மதிப்பைச் சோதியுங்கள். முன்பு சொன்ன ஓப்பன்எஸ்எஸ்எல் கான்ஃபிக் என்ற பழைய ஃபங்ஷன், கூப்பிட்டுவிட்டு மறந்துவிடலாம் என்ற வசதிக்காகச் செய்தது. வெற்றியா தோல்வியா என்று அது சொல்லவே சொல்லாது. 1.1.0இலேயே அதைக் கைவிட்டாயிற்று.

அப்படியானால் பொதுக் கோப்பைத் தளர்த்தாமல் பழைய பையர் சர்வரோடு பேசுவது எப்படி? மூன்று வழிகளை நான் சொல்வேன், என் விருப்ப வரிசையில்.

தளர்வை ஒரே ஒரு இணைப்புக்குள் அடைப்பது முதல் வழி. 1.1.0 முதல் கான்ஃபிக் கோப்பில் பெயரிட்ட டிஎல்எஸ் பகுதிகளை எழுதி, நிரலில் அந்த இணைப்புக்குரிய சூழலை உருவாக்கும்போது பெயர் சொல்லி ஏற்றலாம். பையருக்கு ஒரு பகுதி, வங்கிக்கு ஒன்று, ஜிஎஸ்டிக்கு ஒன்று. பைத்தானில் அந்த இணைப்பின் கான்டெக்ஸ்ட்டுக்கு மட்டும் சைஃபர் வரியில் செக்லெவலைக் குறைக்கலாம்; பிஎச்பியில் கர்ல் இணைப்புக்கு அதேபோல் முடியும். மதிப்பைக் கோடுக்குள் எழுதாமல் கம்பெனியின் கோப்பிலிருந்து எடுங்கள், அவ்வளவுதான். இது முடியாத மொழியாகவோ பழைய கூறாகவோ இருந்தால், அந்த ஒரு இணைப்பைத் தனி நிரலாகப் பிரித்து, தனி சர்வீஸாக, தனி கான்ஃபிக் கோப்போடு ஓட்டுங்கள். முக்கிய பில்லிங் நிரலுக்கு அதன் வாசனையே தெரிய வேண்டாம். மூன்றாவது, எதிர்முனைக்கு மின்னஞ்சல் எழுதிச் சான்றிதழை மாற்றச் சொல்வது. சிரிக்காதீர்கள். டையிங் ரசாயனத்திலிருந்து தொழிலாளர் வேலைநேரம் வரை ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் ஆடிட் கேட்கிற ஐரோப்பிய பையரின் ஐடி பிரிவு, தங்கள் சர்வர் காலாவதியானது என்று எழுத்தில் வந்தால் பேசாமல் இருக்காது. மெர்ச்சன்டைசர் வழியாக அனுப்பாதீர்கள், நேரே அந்தப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சான்றிதழைச் சோதிப்பதையே அணைத்துவிடுவது வழிகளில் சேராது. கர்லில் வெரிஃபை பியரை ஃபால்ஸ் ஆக்கிய கோடு நம் ஊர் பில்லிங் நிரல்களில் எத்தனை இருக்கிறது என்பதை உங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

இதுவரை சொன்னது நிரல் நிற்காமல் ஓடுவதைப் பற்றி. இன்னொரு பக்கம் இருக்கிறது, அது கொஞ்சம் பயமானது. இந்தக் கோப்பு வெறும் விருப்பப் பட்டியல் இல்லை. எந்த என்ஜினை, எந்தப் புரொவைடரை, எந்தப் பாதையிலிருந்து ஏற்ற வேண்டும் என்று இதில் எழுதலாம். லைப்ரரி அந்தப் பாதையில் இருக்கும் கூறை நினைவகத்தில் ஏற்றி ஓட்டும். ஆகவே கான்ஃபிக் கோப்பைத் திருத்த முடிந்தவர், உங்கள் நிரலுக்குள் தன் கோடை ஓட்ட முடிந்தவர். இது கற்பனை இல்லை. 2019இல் வந்த சிவிஇ-2019-1552 என்ற பாதுகாப்புக் குறைபாடு இதுதான்: மிங்ஜிடபிள்யூ முறையில் விண்டோஸுக்குப் பில்டு செய்த ஓப்பன்எஸ்எஸ்எல், யுனிக்ஸ் பழக்கத்தில் யுஎஸ்ஆர் லோக்கல் அடைவைத் தேடியது. விண்டோஸில் அது சி டிரைவின் வேரில் போய் விழும். அங்கே சாதாரண யூசரும் அடைவு உருவாக்கலாம். அதே வருஷம் கர்லின் விண்டோஸ் பில்டுக்கும் சிவிஇ-2019-5443 வந்தது, அதே காரணம். 2022 ஜூலையில் நோடுக்கு வந்த சிவிஇ-2022-32222, ஓப்பன்எஸ்எஸ்எல் 3க்கு மாறியபோது கான்ஃபிக்கைத் தேடும் பாதை மாறிப்போனதால் வந்தது.

நம் அலுவலகத்தை ஒரு நிமிடம் பாருங்கள். அக்கவுன்ட்ஸ் டேபிளில் ஒரே விண்டோஸ் கம்ப்யூட்டர். ஒரே லாகின், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர். பில் போடும் பெண், டிசி போடும் பையன், மாலையில் வரும் ஆடிட்டர் ஆபீஸ் ஆள், தூரத்திலிருந்து திரையைப் பிடித்து வேலை பார்க்கும் நீங்கள், எல்லோரும் அதே லாகின். டிஎஸ்சி டோக்கன் யுஎஸ்பியில் எப்போதும் செருகியபடி இருக்கும், பின் நம்பர் மானிட்டர் ஓரத்தில் ஸ்டிக்கராக. டோக்கனுக்குள் இருக்கும் சாவியை வெளியே எடுக்க முடியாது என்பதற்காகத்தான் சட்டம் வன்பொருள் டோக்கனைக் கேட்கிறது. ஆனால் டோக்கனை நிரலோடு இணைக்கும் பிகேசிஎஸ்11 கோப்பின் பாதை கான்ஃபிக்கில் இருக்கிறதென்றால், அதை மாற்றுகிறவர் சாவியை எடுக்க வேண்டியதே இல்லை. கையெழுத்து போடும் வழியில் நின்றுகொண்டால் போதும். முதலாளியின் கையெழுத்து அது.

ஆகவே கான்ஃபிக் கோப்பை, எல்லோரும் எழுதக்கூடிய டி டிரைவ் ஷேர் ஃபோல்டரில் வைக்காதீர்கள். நிரல் எந்த யூசராக ஓடுகிறதோ அவருக்குப் படிக்கும் உரிமை மட்டும், எழுதும் உரிமை நிர்வாகிக்கு மட்டும். முழுப் பாதை கொடுத்து ஏற்றுங்கள். நிரல் தொடங்கிய அடைவிலிருந்து தேடும்படி விடாதீர்கள்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் கேட்பீர்கள், இவ்வளவு தொல்லை எதற்கு, கோடுக்குள்ளேயே எழுதி கம்பைல் செய்துவிட்டால் யாரும் தொட முடியாதே என்று. நியாயமான கேள்விதான். பெரிய கம்பெனிகளில் அப்படிச் செய்யும் இடங்களும் உண்டு. அவர்களிடம் வாரா வாரம் புதிய பதிப்பு வெளியிடும் குழு இருக்கிறது. இங்கே நிலைமை வேறு. எழுதிய தம்பி இரண்டு வருஷத்தில் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்துப் போய்விடுவார். கம்பெனியிடம் மிஞ்சுவது ஒரு இஎக்ஸ்இ. சோர்ஸ் யாரிடமும் இருக்காது. டிஎல்எஸ் 1.0 என்று கோடுக்குள் எழுதிய நிரல்களின் கதி என்ன ஆயிற்று என்று நினைத்துப் பாருங்கள். 2018 ஜூன் 30க்குள் அதை விட்டு வெளியேறச் சொல்லி அட்டைப் பரிவர்த்தனைத் தரம் கெடு வைத்தது. 2020இல் பிரௌசர்கள் கைவிட்டன. 2021 மார்ச்சில் ஆர்எஃப்சி 8996 டிஎல்எஸ் 1.0ஐயும் 1.1ஐயும் முறைப்படி ஓரங்கட்டியது. கோப்பில் ஒரு வரி மாற்றிக் கடந்திருக்க வேண்டியதை, முழு நிரலையும் தூக்கிப் போட்டு வேறொன்று வாங்கித்தான் கடக்க முடிந்தது. பணம் கட்டியவர் முதலாளி. உங்கள் நிரலுக்கு அவர் கொடுத்த காசில், நீங்கள் போன பிறகும் அதை ஓட்டிக்கொள்ளும் உரிமை அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் அந்தக் கோப்பு கம்பெனியுடையது என்று தலைப்பிலேயே எழுதினேன்.

நடைமுறையில் நான் கேட்பது அதிகமில்லை. நிரல் தொடங்கியதும் லாக் கோப்பின் முதல் சில வரிகளில், எந்த ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பு, எந்தக் கான்ஃபிக் கோப்பு, எந்தெந்தப் புரொவைடர்கள் ஏறின, டிஎல்எஸ் கீழ்வரம்பு என்ன என்று எழுதச் செய்யுங்கள். எதிர்பார்த்த கோப்பு ஏறவில்லையென்றால், பொது அமைப்போடு ஒப்பேற்றி ஓடாமல் அங்கேயே நிற்கட்டும். காலை ஒன்பது மணிக்கு நின்றால் சரிசெய்துகொள்ளலாம், மாதக் கடைசி ராத்திரியில் பாதி பில் போன பிறகு நின்றால் முடியாது. ஏஎம்சி எழுதும்போது இந்தக் கோப்பின் நகலும் பேக்கப்பில் சேரட்டும். தளர்வு ஒவ்வொன்றின் மேலும் ஒரு கமென்ட் வரி போடுங்கள்: எந்த பையருக்காக, எந்தத் தேதியில், யார் சொல்லி, எப்போது எடுத்துவிடலாம். உங்களுக்குப் பிறகு வரும் ஆள் அந்த வரியைத் தொடப் பயந்து அப்படியே விட்டுப்போவதற்குக் காரணம், அது ஏன் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாததுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 1.1.1க்கான இலவச ஆதரவு 2023 செப்டம்பர் 11 அன்று முடிந்தது. 3.0க்கு ஓப்பன்எஸ்எஸ்எல் அறிவித்த கெடு 2026 செப்டம்பர் 7. உபுண்டு தன் பதிப்புக்குத் தானே திருத்தம் கொடுக்கும் என்பது கொஞ்ச காலத்துக்கு ஆறுதல். விண்டோஸில் தனியாக இறக்கி வைத்தவர்களுக்கு அதுவும் இல்லை. என்ஜின் முறையை 3.0இலேயே கைவிடப்பட்டதாக அறிவித்தாயிற்று. டோக்கனை என்ஜின் வழியாக இணைத்திருப்பவர்கள் புரொவைடருக்கு மாற வேண்டும், அதுவும் கான்ஃபிக் கோப்பு வேலைதான்.

அடுத்து நிற்பது 3.5. 2025 ஏப்ரலில் வந்த நீண்டகாலப் பதிப்பு, 2030 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. குவான்டம் கணினிக்கும் தாங்கும் எம்எல்-கெம் என்ற சாவி முறையை அமெரிக்காவின் நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரமாக வெளியிட்டது, 3.5 அதை எக்ஸ்25519ஓடு சேர்த்து டிஎல்எஸ்ஸின் முதல் செய்தியிலேயே இயல்பாக அனுப்புகிறது. பழைய முறையில் அந்தச் சாவிப் பங்கு 32 பைட். புதியது 1,216 பைட். முதல் செய்தி ஒரு பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாக உடையும். பெரும்பாலான இடங்களில் ஒன்றும் ஆகாது. ஆனால் பழைய ஃபயர்வாலோ, எதிர்முனையில் பழைய லோடு பேலன்சரோ இருந்தால் இணைப்பு பிழைகூடச் சொல்லாமல் தொங்கி நிற்கும், தூத்துக்குடி வண்டியைப் பற்றி மறுபடி போன் வரும். அன்று தேவைப்படுவது அந்த ஒரு இணைப்பின் பகுதியில் க்ரூப்ஸ் என்ற வரி. அது எந்தக் கோப்பில், எந்தப் பகுதியில், யார் எழுதும் உரிமையோடு இருக்கிறது என்பதை இந்த மாதமே ஒரு தாளில் எழுதி, நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் ஃபைலிலும் போட்டுவிடுங்கள். பின் நம்பர் ஸ்டிக்கரைக் கிழிக்கச் சொல்லி அப்படியே ஒரு வார்த்தையும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொழிலிலேயே இருக்கும் ஒருவன்
திருப்பூர்